நகக்கண் அளவு செங்கல்: மாதிரிக் கட்டடச் சுவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்குள் நடந்தால், பூச்சு வேலை பார்க்காத செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக மோட்டார் அறைகள் தென்படும். பாதியில் மோட்டார் இல்லை. உரச் சாக்கும் பாம்புச் சட்டையும்தான் இருக்கும். அவற்றை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கிச் செய்வது என் பொழுதுபோக்கு. பார்க்க வருகிறவர்கள் பொள்ளாச்சிக்காரர்களாக இருந்தாலும் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களாக இருந்தாலும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த அளவில் தொடங்குவது?

1:35 அளவில் தொடங்குங்கள். நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஆகும். நம் ஊர்ச் செங்கல் இந்த அளவில் 6.6 மி.மீ. நீளமும் 2 மி.மீ. உயரமும் வரும். கண்ணுக்கும் கைக்கும் அடங்கும் அளவு இது. பொம்மை வீட்டுக்காரர்களின் 1:12 அளவில் ஒரு கல் 19 மி.மீ. நீளம். செய்வது எளிது, ஆனால் வீட்டில் வைக்க இடம் வேண்டும். மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் கேட்கும் 1:87 அளவில் கல்லின் உயரம் 0.8 மி.மீ.தான், இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள கலவைக் கோடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கையால் கீறுவதாக வீம்பு பிடிக்க வேண்டாம். அந்த அளவுக்கு அச்சுப் பதித்த பிளாஸ்டிக் தகடு வாங்கி வண்ணம் தீட்டுவதே மரியாதை.

செங்கலின் நிஜ அளவு என்ன? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். இந்தியத் தர அளவில் முழுச் செங்கல் 190 × 90 × 90 மி.மீ. என்று ஒன்று உண்டு. பழைய பழக்கத்தை ஒட்டி 230 × 110 × 70 மி.மீ. என்று இன்னொன்றும் உண்டு. கொத்தனார்கள் 'ஒன்பது இஞ்ச் கல்' என்று சொல்வது இந்த இரண்டாவதை. நாட்டுச் சூளைக் கல்லோ இந்த இரண்டுக்கும் கட்டுப்படாது.

அதனால் கல்லை விட்டுவிட்டுச் சுவரை அளக்க வேண்டும். நீங்கள் செய்யப்போகும் கட்டடத்துக்குப் போய், அடியிலிருந்து பத்து வரிசையின் மொத்த உயரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்துவிடுங்கள். நான் அளந்த மோட்டார் அறையில் பத்து வரிசை 83 செ.மீ. வந்தது, ஒரு வரிசைக்குக் கலவையோடு சேர்த்து 83 மி.மீ. அதை 35ஆல் வகுத்தால் 2.4 மி.மீ. கீற வேண்டிய கோடுகளின் இடைவெளி அதுதான். கதவு எத்தனை வரிசை உயரம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆறடிக் கதவுக்குப் பக்கத்தில் 22 வரிசை இருக்க வேண்டிய இடத்தில் 12 வரிசை இருந்தால், மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பவர் மனத்தில் ஏதோ இடிக்கும். என்ன என்று அவருக்கே தெரியாது.

கேரளத்துப் பக்கம் 'செங்கல்' கேட்டால் வேறு ஏதோ தருகிறார்களே?

எல்லையில் இருப்பவர்களுக்கு இது பழகிய வேடிக்கை. நமக்குச் செங்கல் என்றால் சுட்ட கல். பாலக்காட்டைத் தாண்டி மேற்கே மலையாளத்தில் அதே சொல்லைச் சொன்னால் பூமியிலிருந்து வெட்டி எடுத்த செம்பாறைக் கல்லைக் காட்டுவார்கள். வெட்டுக்கல் என்றும் சொல்வதுண்டு. சுட்ட கல்லுக்கு அங்கே 'இஷ்டிக'. இந்தக் குழப்பம் நம்மோடு நிற்கவில்லை. மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தன் பயண நூலில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். ஆக, அவர் பார்வையிலும் அது செங்கல்தான்.

மாதிரியில் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். வெட்டுக்கல் மிகப் பெரியது. நீளம் 35 முதல் 40 செ.மீ. வரை போகும். முகம் முழுக்கப் புழு அரித்ததுபோல் துளைகள். பழைய பல்துலக்கும் பிரஷின் மயிரைக் கட்டையாக வெட்டி, ஃபோம் மேல் குத்திக் குத்தி எடுத்தால் அந்தத் துளைகள் கிடைக்கும். நிறத்தில் ஆரஞ்சும் ஊதாவும் மஞ்சளும் ஒரே கல்லுக்குள் கலந்திருக்கும். சுட்ட செங்கலில் நிறம் கல்லுக்குக் கல் மாறும். வெட்டுக்கல்லில் கல்லுக்குள்ளேயே மாறும்.

எந்தப் பொருளில் செய்வது?

நான் எல்லாவற்றிலும் கை சுட்டுக்கொண்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தெர்மாகோல் வேண்டாம். அது மணி மணியாக ஒட்டவைத்த பொருள். பிளேடு வைத்த இடத்தில் மணி பிடுங்கிக்கொண்டு வரும். குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பத் தடுப்புக்குப் போடும் எக்ஸ்பிஎஸ் (XPS) என்னும் கெட்டி ஃபோம் பலகை நெருக்கமாக இருக்கும், மணி கிடையாது. வேலை நடக்கும் கிடங்குகளில் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரி கடை ஃபோம் போர்டை வாங்கி, இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் ஈரம் தடவி உரித்துவிட்டுப் பயன்படுத்தலாம். தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு இந்த இரண்டில் ஒன்று.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இதைவிட ஒரு படி மேல். தண்ணீரில் பவுடரைத் தூவிக் கலக்க வேண்டும். பவுடரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். கண்ணாடி மேல் 5 மி.மீ. கனத்தில் ஊற்றி, நகம் வைத்தால் தடம் விழும் ஆனால் ஒட்டாது என்ற பதத்தில் கோடு கீற வேண்டும். அந்தப் பதம் அரை மணிகூட நிற்காது. கீறும்போது ஓரம் லேசாகப் பொரிந்து உதிர்வது நிஜச் செங்கல் ஓரம் போலவே இருக்கும். ஃபோம் இந்த அழகைத் தராது.

நிஜக் களிமண்ணில் செய்யலாமா என்று ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. நானும் ஆசைப்பட்டேன். வயல் களிமண்ணைச் சலித்துப் பிசைந்து, சப்பாத்திபோலத் தேய்த்து, நானூறு கற்கள் வெட்டிக் காயவைத்தேன். காய்ந்தபோது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. அதைக் கணக்கில் எடுக்காததால் கதவுச் சட்டமும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மிச்சத்தைக் காஸ் அடுப்பில் வாணலி வைத்துச் சுட்டதில் பாதி வெடித்தது. வீட்டில் அந்த வாணலிக்காக நடந்த விசாரணை தனிக் கதை. குயவர் யாராவது பழக்கம் இருந்தால், ஒரு சட்டிக்குள் போட்டு அவர் சூளையில் வைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில்தான் மண்ணில் உள்ள இரும்பு சிவந்து நிஜச் செங்கல் நிறம் வரும்.

1:12, 1:24 அளவுகளுக்கு முட்டை அட்டையை மறக்க வேண்டாம். அதன் சொரசொரப்பு நாட்டுக் கல்லுக்கு அச்சாகப் பொருந்தும். விலையும் இல்லை.

ஒவ்வொரு கல்லாக அடுக்க வேண்டுமா, கோடு கீறினால் போதுமா?

முழுச் சுவருக்குக் கோடு போதும். இடிந்த இடம், உடைந்த ஓரம், கல் பெயர்ந்த குழி ஆகியவற்றுக்கு மட்டும் தனிக் கல் வெட்டி ஒட்டுங்கள். பத்தடிக்கு எட்டடி மோட்டார் அறை ஒன்றில், நாலரை இஞ்ச் சுவராக இருந்தாலும், ஆயிரத்துக்கு மேல் கல் வரும். எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கீறுவதற்குத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா நல்லது. முதலில் புது பிளேடால் மெல்லிய வெட்டு. பிறகு அதன் மேல் பேனா முனையை ஓட்டினால் கோடு அகன்று, கல்லின் விளிம்பு லேசாக உருண்டு வரும். படுக்கைக் கோடுகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் நெட்டுக் கோடுகளுக்குப் போக வேண்டும். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி மேலே அழுத்தினால் முகத்தில் மேடுபள்ளம் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு கற்களை மட்டும் விரலால் ஒரு மயிரிழை உள்ளே அமுக்கிவிடுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் படும்போது சுவர் உயிர் பெறுவது அந்தச் சில கற்களால்தான்.

கற்களை எப்படி வரிசைப்படுத்துவது? ஒன்றுக்கு மேல் ஒன்று பாதி நகர்த்தி வைத்தால் சரிதானே?

அது நாலரை இஞ்ச் சுவருக்கு மட்டும் சரி. அங்கே சுவரின் கனமே ஒரு கல்லின் அகலம். நீளமுகம் மட்டும்தான் வெளியே தெரியும். ஒன்பது இஞ்ச் சுவரில் உள்பக்கக் கல்லையும் வெளிப்பக்கக் கல்லையும் சேர்த்துப் பிடிக்க, சில கற்களைக் குறுக்கே போடுவார்கள். அவற்றின் தலை மட்டும் சதுரத்துக்குச் சற்று நீண்ட முகமாக வெளியே தெரியும். ஒரு வரிசை முழுக்க நெடுக்குக் கல், அடுத்த வரிசை முழுக்கக் குறுக்குக் கல் என்று போவது இங்கிலீஷ் பிணைப்பு. ஒரே வரிசையில் நெடுக்கு, குறுக்கு என மாறி மாறி வந்தால் ஃபிளெமிஷ் பிணைப்பு.

ஆக, சுவரின் முகத்தைப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடலாம். மாதிரி செய்பவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு மாடிப் பழைய பங்களாவைச் செய்து, சுவர் முழுக்க நெடுக்குக் கல்லாகவே கீறியிருப்பார்கள். அப்படிக் கட்டியிருந்தால் முதல் ஆடிக் காற்றுக்கு அது நின்றிருக்காது.

என் முதல் மாதிரியைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்கு வந்த வயதான கொத்தனார் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "தம்பி, இந்தச் சுவருக்கு அரைக்கல்லே வாங்கவில்லையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. கதவை ஒட்டிய ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வரிசை முழுக்கல்லில் முடிந்தால் அடுத்த வரிசை அரைக்கல்லில் முடிய வேண்டும். நான் எல்லா வரிசையையும் கிடைத்த இடத்தில் வெட்டி விட்டிருந்தேன். ஓரத்தில் கால்கல், முக்கால்கல், கீற்றுத் துண்டு எல்லாம் கிடந்தன. "இதைக் கட்டினவனுக்குக் கூலி கொடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து கோடு கீறும் முன் கதவு, ஜன்னல், மூலை மூன்றையும் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நடுவை நோக்கித்தான் கல் பிரிக்கிறேன்.

மூலையில் கோடுகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

இரண்டு சுவரையும் 45 பாகையில் சீவி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் கீறாதீர்கள். ஒட்டிக் காய்ந்த பிறகு, ஒரே மட்டத்தில் பேனாவைக் கட்டையில் கட்டி வைத்துக்கொண்டு, நான்கு சுவரையும் சுற்றிச் சுற்றி ஒரே வீச்சில் படுக்கைக் கோடு போடுங்கள். பிறகு மூலையில், ஒரு பக்கம் கல்லின் நீளம் தெரிந்தால் மறுபக்கம் அதே கல்லின் தலை தெரிய வேண்டும். அடுத்த வரிசையில் இது தலைகீழ். இங்கிலீஷ் பிணைப்பாக இருந்தால் மூலைத் தலைக்கல்லுக்கு அடுத்து, நீளவாக்கில் பிளந்த ஒரு கீற்றுக் கல் வரும். 1:35 அளவில் அது ஒன்றரை மி.மீ. அகலம். அந்தக் கீற்றைப் போட்டால்தான் மேலும் கீழும் உள்ள நெட்டுச் சந்துகள் ஒன்றையொன்று தவிர்க்கும்.

ஜன்னலுக்கு மேலே?

ஏதாவது ஒன்று பாரத்தைத் தாங்கியாக வேண்டும். கான்கிரீட் லிண்டல், கருங்கல் பலகை, பனங்கட்டை, இல்லையேல் செங்கலை நிறுத்தி வைத்த வளைவு. வெறும் வரிசையை ஜன்னல் மேல் தொடர விடாதீர்கள். வளைவில் கற்களுக்கு இடையிலான சந்து கீழே மெலிந்தும் மேலே அகன்றும் இருக்கும். எல்லாச் சந்தும் ஒரே மையத்தை நோக்கும். ஒரு நூலைக் குண்டூசியில் கட்டி மையத்தில் குத்தி, அதை அளவாக வைத்துக் கீறினால் முடிந்தது.

கலவைக் கோட்டை எப்படி நிரப்புவது? எனக்கு எப்போதும் அசிங்கமாகி விடுகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றை வேகமாகச் சொன்னேன். சுவர் பொம்மையாகத் தெரிவதற்குக் கல் காரணமாக இருப்பது அபூர்வம், கலவைதான் காட்டிக்கொடுக்கும். கோடு அகலமாகிவிடுவது, வெள்ளை வெளேரென்று இருப்பது, கல்லின் மட்டத்துக்கு வழித்து நிற்பது ஆகிய மூன்றும்தான் வழக்கமான பிழைகள்.

அகலம்: நிஜத்தில் 10 மி.மீ. சந்து என்றால் 1:35 அளவில் 0.3 மி.மீ. கட்டர் பிளேடின் கனமே இதைவிட அதிகம். நீங்கள் நினைப்பதைவிட மெல்லியதாகக் கீறுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் மெல்லியதாக.

நிறம்: சிமெண்ட் கலவை காய்ந்த சாம்பல் நிறம், அதில் மணலின் பழுப்பு. பழைய சுண்ணாம்புக் கலவை பாலேடு நிறம். அதில் செங்கல் தூளாகிய சுர்க்கி சேர்த்திருந்தால் இளஞ்சிவப்பு ஓடும். சுத்த வெள்ளை எந்தச் சுவரிலும் கிடையாது.

நிரப்பும் முறை: முதலில் கல்லுக்கு வண்ணம் தீட்டி, முழுக்கக் காயவிட்டு, பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கை பூசிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போனால் கலவை கல்லின் துளைக்குள் புகுந்து சுவர் முழுக்க வெளுத்துவிடும். வால் புட்டியில் சாம்பலும் பழுப்பும் அக்ரிலிக் சேர்த்து, மோருக்கும் தோசை மாவுக்கும் இடைப்பட்ட பதத்தில் கரைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். சோப்பு இருந்தால் தண்ணீர் திரளாமல் கோட்டுக்குள் ஓடும். தூரிகையால் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, பிழிந்த ஸ்பாஞ்சால் மூலைவிட்டமாகத் துடைக்க வேண்டும். கோட்டின் திசையிலேயே துடைத்தால் உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்துவிடும். ஒரு துடைப்புக்கு ஸ்பாஞ்சின் ஒரு பக்கம். பிறகு திருப்புங்கள், அலசுங்கள். அவசரப்பட்டு அழுக்கு ஸ்பாஞ்சால் இரண்டாவது முறை துடைக்கும்போதுதான் 'அசிங்கம்' வருகிறது. நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள், ஒருமுறை செய்துபார்த்துத்தான் நம்புவீர்கள்; அதனால் முதலில் ஒரு துண்டுப் பலகையில் செய்துபாருங்கள்.

செங்கல் நிறத்துக்கு எந்த டப்பா வாங்குவது?

'பிரிக் ரெட்' என்று எழுதிய டப்பா தவிர எது வேண்டுமானாலும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை போதும். சுவர் முழுக்க ஒரு நடுத்தர நிறம் பூசுங்கள். பிறகு நுனித் தூரிகையால் பத்துக்கு ஒரு கல்லை மஞ்சளுக்கு இழுங்கள், இருபதுக்கு ஒன்றை ஊதாக் கறுப்புக்கு. சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்த கல் கருத்து முறுகியிருக்கும். ஓரத்தில் இருந்தது வேகாமல் வெளிறி இருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போது இரண்டும் கலந்துவிடும் என்பதால் சுவரில் ஒழுங்கே இருக்காது. எனவே நீங்களும் கணக்குப் பார்த்துப் புள்ளி வைக்காதீர்கள்.

ஸ்பிரே பெயிண்ட் அடிக்கலாமா?

ஃபோம் மேல் கூடவே கூடாது. அதில் உள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். 'எதன் மேலும் அடிக்கலாம்' என்று கடையில் சொன்னதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தேன். மூன்று வாரச் சுவர் கண்ணெதிரே கற்கண்டாக உருகியது. உடனடிப் பசையும் அப்படித்தான். ஃபெவிகால் போதும்.

பழைய சுவராக்குவது எப்படி? பச்சைப் பாசி தீட்டிவிட்டேன், ஆனால் சுவரோடு பொருந்தவில்லை.

கட்டடம் எந்த ஊரில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்கு மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. மேற்கே போகப் போகச் சுவரில் பச்சைப் பாசியும், அது காய்ந்த கறுப்பும் ஏறும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. இங்கே பாசியைவிடப் புழுதியும் உப்பும்தான் சுவரின் வயதைச் சொல்லும்.

எங்கள் தோப்பு மோட்டார் அறை ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை மழை தெறித்த மண் கறை. சித்தூர் வட்டத்தில் கரிசல் மண் உள்ள பகுதி அது. அதனால் கறை செம்மையாக இல்லாமல் சாம்பல் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே முழங்கால் உயரத்தில் உவர் ஏறி வெள்ளையாக உப்புப் பூத்த பட்டை. அந்தப் பட்டையில் கல்லின் முகம் பொரிந்து உதிர்ந்து, கலவை மட்டும் கூடுபோல் முன்னே துருத்தி நின்றது. டெலிவரிக் குழாய் வெளியே வரும் ஓட்டைக்குக் கீழே மட்டும், கைக்குட்டை அகலத்துக்கு, பளிச்சென்ற பச்சை. சுவரிலேயே பாசி இருந்த ஒரே இடம் அதுதான், ஏனென்றால் தண்ணீர் கசிந்த ஒரே இடமும் அதுதான்.

கறைக்கு உங்கள் கட்டடத்தைச் சுற்றியுள்ள மண்ணையே துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். உப்புக்கு வெள்ளைச் சாக்பீஸ் தூளை உலர் தூரிகையால் தட்டுங்கள். பச்சைக்கு இரண்டு துளி நீர்த்த வண்ணம். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் பச்சையைத் தொடாதீர்கள்.

லாரி பேக்கர் பாணி வீடு செய்ய ஆசை. அந்தச் சுவர் வேறு மாதிரி இருக்கிறதே?

நல்ல கண் உங்களுக்கு. பிரிட்டனிலிருந்து 1945இல் இந்தியா வந்து, பிற்பாடு திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் பேக்கர், பூசாத செங்கலை ஊரறியச் செய்தவர். அவர் பரப்பிய 'ராட் டிராப்', அதாவது எலிப்பொறிப் பிணைப்பில் கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். சுவருக்குள் வெற்றிடம் விழும். ஏறத்தாழ கால் பங்குச் செங்கல் மிச்சம். உங்களுக்கு இதனால் கணக்கு மாறுகிறது. கலவை நீங்கலாக, வரிசையின் உயரம் 70 மி.மீ. இல்லாமல் 110 மி.மீ. ஆகிறது. 1:35 அளவில் நெடுக்குக் கல் 6.6 × 3.1 மி.மீ., அதற்கடுத்த குறுக்குக் கல் 2 × 3.1 மி.மீ. நிற்கும் முகம். ஒரே வரிசையில் இரண்டும் மாறி மாறி வரும். காற்றுக்குத் துளை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர் செய்வதாக இருந்தால் அங்கே கோடு கீறி ஏமாற்ற முடியாது, தனிக் கற்களாகத்தான் அடுக்க வேண்டும். முட்டை அட்டை அங்கே கைகொடுக்கும். திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் அவர் வடிவமைத்ததுதான். போனால் காபி ஆறினாலும் பரவாயில்லை என்று சுவரில் உள்ள துளைகளை எண்ணிவிட்டு வாருங்கள்.

லேசரில் வெட்டி வாங்கினால் என்ன?

வாங்கலாம். எல்லாக் கல்லும் ஒரே கல்லாக இருக்கும். ஆலையில் களிமண்ணைக் கம்பியால் வெட்டிச் செய்யும் கம்பிவெட்டுச் செங்கல் சுவருக்கு அதுவே சரி. நாட்டுக் கல்லுக்கு நீங்கள் உட்கார்ந்து ஓரங்களைக் கெடுக்க வேண்டியிருக்கும்.

வண்ணம் பூசியதும் சுவர் வில்லாக வளைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டுக் காய்ந்ததால் இழுத்திருக்கிறது. பின்பக்கத்திலும் அதே வண்ணத்தைத் தண்ணீர் கூட்டிப் பூசி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான எதையாவது ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். நான் வைப்பது இரண்டு நிஜச் செங்கல்.